பாலத்துப் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர் பகுதிகளில் நாங்கள் ஐந்து பேர் பாடிவரும் ஒரு ஃபங்க் ராக் பாட்டைப் பற்றி, மேடையை விட்டு இறங்கியது முதல் தேநீர்க் கடை வரை ஒரே மாதிரியான ஐயங்கள் எங்களைத் துரத்தி வருகின்றன. பாட்டுக்கு நாங்கள் தலைப்பு வைக்கவில்லை. கேட்டவர்கள் வைத்த "பாலத்துப் பாட்டு" என்ற பெயரே நிலைத்துவிட்டது. குழுவில் பேஸ் கிட்டார், அதாவது தாழ்ந்த கனத்த ஒலி தரும் கிட்டார், வாசிப்பவன் நான். பதில் சொல்லும் வேலையும் எப்படியோ என்னிடமே வந்து சேர்வதால், கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"இது எந்தப் பாலம்? நம்ம பாலாத்துப் பாலமா?"

ஆம், பாலாற்றின் மேல் உள்ள பாலம்தான். 2019 ஆகஸ்டில், வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், இறந்துபோன ஒரு தலித்தின் உடலைப் பாடையோடு கயிற்றில் கட்டி, சுமார் 20 அடி உயரமுள்ள பாலத்தின் மேலிருந்து ஆற்றுப்படுகைக்கு இறக்கினார்கள். மயானத்துக்குப் போகும் வழியிலுள்ள நிலங்களை ஆதிக்கச் சாதியினர் வேலியிட்டு மறித்திருந்ததால் வேறு வழியில்லை என்று அவ்வூர் மக்கள் கூறினார்கள். அந்தக் காட்சி கைப்பேசிகளில் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அப்போது அந்த ஊர் வேலூர் மாவட்டத்தில் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது.

"ராக் தெரியும் சார். ஃபங்க்னா இன்னா?"

ராக் இசையில் பொதுவாக நான்கு அடிகளில் இரண்டாவதும் நான்காவதும் ஓங்கி விழும். கிட்டார் பெரிய சுவர்போல எழும்ப, குரல் அதன்மேல் ஏறி நிற்கும். ஃபங்க் அப்படியன்று. 1960-களின் நடுவில் அமெரிக்கக் கறுப்பின இசைஞர்களிடையே பிறந்த அந்த இசையில் கிட்டார், பேஸ், ஊதுகருவிகள், சில சமயம் பாடுபவரின் குரல்கூட, தாளக் கருவியாகவே நடத்தப்படும். பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1965-இலும் 1967-இலும் வெளியிட்ட சில பதிவுகளை இந்தத் திருப்பத்தின் தொடக்கமாகச் சொல்வார்கள்.

அந்தத் தாளத்தின்மேல் ராக் இசையின் கரகரத்த, மின்னேறிய கிட்டாரை ஏற்றினால் அது ஃபங்க் ராக். 1970-களின் தொடக்கத்தில் ஃபங்கடெலிக் குழுவும், 1984-இல் நியூயார்க்கில் தொடங்கி 1988-இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்ட லிவிங் கலர் குழுவும் இந்த வழியில் முக்கியமானவை.

"ஒத்திகையில சும்மா சும்மா 'ஒன்னு, ஒன்னு'னு கத்துறீங்களே, அது எதுக்கு?"

"தகதிமி" என்பதை நான்கு முறை சொல்லிப் பாருங்கள். பதினாறு இடங்கள் கிடைக்கும். முதல் "த" விழும் இடம்தான் அந்த ஒன்று. கர்நாடக இசைக்காரர்கள் சமம் என்பார்கள். ஃபங்கில் மற்றப் பதினைந்து இடங்களில் யார் எப்படி விளையாடினாலும், யார் எங்கே ஓய்ந்திருந்தாலும், சுற்று திரும்பும்போது எல்லாரும் ஒன்றாக அந்த முதல் இடத்தில் வந்து இறங்க வேண்டும். ஜேம்ஸ் பிரவுன் தம் குழுவினரிடம் வற்புறுத்தியதும் இதைத்தான். இடையில் என்ன வாசிக்கிறோம் என்பதைவிட எங்கே வாசிக்காமல் விடுகிறோம் என்பதே கடினம். பேஸ் எடுத்த முதல் ஆறு மாதங்கள் நான் கற்றுக்கொண்டது கையைச் சும்மா வைத்திருக்கத்தான்.

எங்கள் பாட்டில் இந்த ஒன்றை வைத்தே ஒரு வேலை செய்திருக்கிறோம். பல்லவியில் அது ஓங்கி விழும். சரணத்தில், பாலத்திலிருந்து உடல் இறங்கிக்கொண்டிருக்கும் பதினாறு சுற்றுகளிலும், அந்த முதல் இடம் வெறுமையாக இருக்கும். தாளம் தொடங்கியபின் பாட்டு எடுப்பதை அனாகத எடுப்பு என்பார்களே, அதுபோல எல்லாரும் கால்வாசி அடி தள்ளியே நுழைவோம். பாடை தரையைத் தொடும் இடத்தில்தான் மறுபடி ஒன்று விழும். கேட்பவர்களில் பலருக்கு இதைச் சொல்லி விளக்கத் தேவையிருப்பதில்லை. சரணத்தில் கால் வைக்க இடம் கிடைக்காமல் தடுமாறுவார்கள்.

"பேஸ் கிட்டாரை மீட்டாம தவில் மாதிரி தட்டுறீங்களே அண்ணா, கம்பி அறுந்துடாதா?"

அறுந்ததில்லை. கட்டைவிரலால் தடித்த கம்பியைத் தட்டி, ஆள்காட்டி விரலால் மெல்லிய கம்பியைச் சுண்டி இழுப்பது ஸ்லாப் எனப்படும். ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் என்ற அமெரிக்க ஃபங்க் குழுவில் பேஸ் வாசித்த லாரி கிரஹாம் இதைப் பரப்பியவர். அதற்கு முன் தம் தாயுடன் சிறு மேடைகளில் வாசித்தபோது, டிரம்ஸ் வாசிப்பவர் இல்லாத குறையை ஈடுகட்ட, டிரம்ஸின் கனத்த அடி, கூரிய அடி என்ற இரண்டு ஒலிகளையும் கம்பியிலேயே எழுப்பப் பார்த்ததில் பிறந்த வாசிப்பு இது. ஆள் இல்லாததால் பிறந்த கலைகள் நம் ஊரிலும் உண்டு.

"அமெரிக்காக்காரன் பாட்டு நமக்கு எதுக்கு? நம்மகிட்ட இல்லாததா?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சினிமாப் பாட்டில் இதே பேஸ் வாசிப்பை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுத் தலையாட்டியவர்கள் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

நமக்கு அது பொருந்தக் காரணம், அது பிறந்த சூழல். 1968 ஏப்ரல் 4 அன்று கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜேம்ஸ் பிரவுன், கறுப்பராயிருப்பதைப் பெருமையாக உரக்கச் சொல்லும்படி அழைக்கும் பாட்டை வெளியிட்டார். கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே குழுவாக மேடையேறுவது அரிதாக இருந்த காலத்தில் அப்படியே அமைந்த ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன், நிறத்தையும் பணத்தையும் வைத்து ஆளை ஒதுக்குவதைக் கேலி செய்யும் "எவ்ரிடே பீப்பிள்" பாட்டால் 1969 தொடக்கத்தில் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்தது. நைஜீரிய இசைக்கலைஞர் ஃபெலா குட்டி ஃபங்க் தாளத்தைத் தம் நாட்டு இசையோடு சேர்த்து இராணுவத்தைக் கேலி செய்தார்; 1977-இல் படைவீரர்கள் அவர் வீட்டைத் தாக்கி எரித்தார்கள். அங்கங்கே இருந்த தோலும் குச்சியும் அந்தத் தாளத்தில் போய்ச் சேர்ந்துகொண்டன. நாங்களும் சேர்த்திருக்கிறோம், அவ்வளவுதான்.

தமிழிலும் நாங்கள் முதலாமவர்கள் அல்லர். 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்து மேடையேறியது. அயோத்திதாசர் கையாண்ட "சாதி பேதமற்ற" என்ற சொல்லாட்சியிலிருந்து வந்தது அந்தப் பெயர். அந்த மேடையைப் பார்த்துத்தான் எங்களுக்குத் துணிவு வந்தது.

"சாவு சமாச்சாரத்துக்குப் போய் ஆட்டம் போடுற பாட்டா? கேக்கவே சங்கடமா இருக்குதே."

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள், கோபமில்லாமல், உண்மையான வருத்தத்தோடு கேட்கிறார்கள். ஆனால் நம் பகுதியில் ஒரு சாவு ஊர்வலம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். முன்னால் பறை, அதற்கு முன்னால் கைலியை மடித்துக் கட்டி ஆடிக்கொண்டு போகும் பேரன்களும் மருமகன்களும், தெரு முழுக்கச் சாமந்தியும் ரோஜாவும், இரண்டு தெரு தள்ளி வரைக்கும் கேட்கும் சீட்டி. வாழ்ந்து முடித்தவரை ஆட்டத்தோடு அனுப்புவது இங்கே மரியாதை. ஆடாமல் எடுத்துப்போனால்தான் "இன்னா, அநாதைப் பொணமா?" என்று கேட்பார்கள்.

நாராயணபுரத்துக் காட்சியைப் பார்த்தபோது எனக்குள் தங்கிப்போனது கயிறு மட்டுமன்று. பாலத்தின் நடுவில் ஊர்வலம் நின்றுபோகிறது. தோளில் சுமந்து வந்தவர்கள் மேலே நிற்க, பாடை மட்டும் கீழே போகிறது. தோளிலிருந்து தோளுக்கு மாறி மாறிப் போகவேண்டிய ஒன்று, கயிற்றில் தொங்கிக்கொண்டு தனியாகப் போகிறது. முன்னே சொன்ன அந்த வெற்றிடத்தைச் சரணத்தில் வைத்தது இதற்காகத்தான். ஆட வைத்துவிட்டு ஆட்டத்தைப் பிடுங்கினால்தான் அந்த நிற்பது கேட்பவரின் காலுக்குத் தெரியும். ஒப்பாரியாக எழுதியிருந்தால் காதோடு போயிருக்கும்.

"பறையும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒன்னா வாசிச்சா ரெண்டும் கெட்டுப்போவாதா?"

முதல் இரண்டு மாதங்கள் கெட்டுத்தான் போயின. காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் நேரமாயிற்று. பறையில் வலக்கையின் தடித்த அடிக்குச்சி கனத்த அடியைக் கொடுக்கும். இடக்கையின் நீண்ட மெல்லிய சுண்டுக்குச்சி இடையிடையே பொடி ஒலிகளை நிரப்பும். ஃபங்க் கிட்டார்க்காரர் இடக்கை விரல்களால் கம்பிகளை அமுக்கி ஒலியடக்கி, வலக்கையால் "சிக்கு சிக்கு" என்று சுரண்டுவதும் அதே பொடி இடங்களில்தான். ஒரே வேலைக்கு இரண்டு ஆள். ஒருநாள் ஒத்திகையில் எங்கள் கிட்டார்க்காரத் தம்பி வெறுத்துப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் பாட்டு முதன்முறையாகச் சரியாகக் கேட்டது. இப்போது சரணத்தில் அவன் ஒரு சுற்றுக்கு இரண்டே அடிதான் வாசிக்கிறான். பல்லவியில் அவனுக்கு வேண்டிய அளவு கரகரப்பு உண்டு.

மற்றொரு தொல்லை தோல். பறைத்தோலைத் தீயில் காட்டினால்தான் விறைத்து ஒலி எழும். வேலூர் வெயிலில் அது பெரிய கவலையன்று. ஐப்பசி மழையிலும் குளிரூட்டிய அரங்கத்திலும் பாட்டு முடிவதற்குள் தொய்ந்துவிடும். அரங்கத்துக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள் என்பதால், மேடைக்குப் பின்னால் ஒரு ஹாலஜன் விளக்கை வைத்து அதில் காட்டி எடுக்கிறோம். ஃபைபர் தோல் போட்டுக்கொள்ளுங்கள் என்று பலர் சொல்கிறார்கள். எங்கள் பறைக்காரர் மறுத்துவிட்டார். இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று உலகத்துக்கே தோல் பதனிட்டு அனுப்பும் பகுதியில் இருந்துகொண்டு பிளாஸ்டிக்கைத் தட்டமாட்டேன் என்பது அவர் வாதம். தோலைக் காலணியாக்கி ஏற்றுமதி செய்தால் தொழிலதிபர் என்றும், அதே தோலை வளையத்தில் கட்டித் தட்டினால் வேறு பேர் சொல்லியும் அழைக்கும் ஊர் இது என்றும் கூடவே சொல்வார்.

"தமிழ் வார்த்தை இந்தத் தாளத்துல உக்காருமா? இங்கிலீஷ்னா தானா வருது."

ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் அழுத்தம் விழும் இடம் ஒன்று உண்டு. அதைத் தாளத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தால் பாட்டு நடக்கும். தமிழில் அழுத்தத்தைவிட அளவுதான் முக்கியம்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. ஆங்கிலச் சந்தத்தில் தமிழைத் திணிப்பவர்கள் குறிலை நீட்டி நெடிலை நறுக்கிவிடுகிறார்கள். அப்புறம் பாடுவது யாருக்கும் புரிவதில்லை.

நம் மொழிக்கென்று ஒரு வசதி இருக்கிறது. வல்லின ஒற்று இரட்டிக்கும் சொற்களைச் சொல்லும்போது நடுவில் மூச்சு ஒரு கணம் அடைபட்டுத் திறக்கும். அது தானாகவே ஒரு தட்டு. சரணத்தில் பாலத்தின் மேல் நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சொற்களை மட்டுமே வைத்தோம்: "கட்டிப்புடி, விட்டுக்கொடு, மெல்ல, மெல்ல." கட்டிப்புடி, விட்டுக்கொடு இரண்டும் தகதிமிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்காரும். விட்டுக்கொடு என்பது கயிற்றைத் தளர்த்தச் சொல்வது. கடைசிப் பல்லவியில் அதே சொல்லை வேலியைப் பார்த்துப் பாடுகிறோம். எழுதும்போது இது எங்களுக்குத் தோன்றவில்லை. பாடும் பெண், குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒருவரின் மகள், மூன்றாவது ஒத்திகையில் கையை வேறு பக்கம் நீட்டிப் பாடியபோதுதான் விளங்கியது.

"வேலி போட்டவங்க சாதிப் பேரைச் சொல்லல. பயமா?"

சொல்லியிருந்தால் அந்த ஒரு சாதியைத் தவிர மற்ற எல்லாரும் நிம்மதியாகக் கைதட்டியிருப்பார்கள். மயானப் பாதைச் சிக்கல் ஒரு ஊரோடும் ஒரு சாதியோடும் முடிவதன்று. ஊருக்கு ஊர் வேலிக்காரர் மாறுவார், வேலியின் இந்தப் பக்கம் நிற்பவர் மாறுவதில்லை. பயமும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. குழுவில் இரண்டு பேர் கிராமத்தில் குடும்பத்தோடு இருப்பவர்கள்.

"இந்தக் காலத்துல யார் சார் சாதி பாக்குறாங்க? பழசையே கிளறாதீங்க."

முதல் பதிலில் உள்ள ஆண்டை ஒருமுறை பாருங்கள். நாடாளுமன்றமும் இதைப் பழசாக நினைக்கவில்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இடுகாட்டையோ சுடுகாட்டையோ மற்றவர்களோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றமென்று பெயர்சொல்லியே எழுதிச் சேர்க்கப்பட்டது. யாரும் செய்யாத ஒன்றைத் தடைசெய்யச் சட்டத்தில் இடம் ஒதுக்கமாட்டார்கள்.

"செத்தவர் வீட்டுல கேட்டுட்டுத்தான் பாடுறீங்களா?"

கேட்கவில்லை. இந்தக் கேள்வி எங்களுக்குள்ளேயே பலநாள் வாதமாக நடந்தது. அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று எங்கள் டிரம்ஸ்காரர் இன்றும் சொல்கிறார். ஒளிப்பதிவுக் கருவிகள் போய் வந்த வீட்டுக்குக் கிட்டாரோடு வேறு போக வேண்டாம் என்பது என் நிலை. முடிவில் ஒத்துக்கொண்டவை மூன்று: பாட்டில் இறந்தவரின் பெயரோ அடையாளமோ வராது, மேடைத் திரையில் அந்தக் காட்சியைப் போடமாட்டோம், இந்தப் பாட்டுக்குப் பணம் வாங்கமாட்டோம். இது போதுமா என்றால், டிரம்ஸ்காரர் போதாது என்பார்.

"தெருவுல ஸ்பீக்கர் கட்டிப் பாட அனுமதி தர்றாங்களா? ஒரு இடத்துல பாதியில நிறுத்திட்டாங்களாமே?"

ஒலிபெருக்கிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி பெறவேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதிப் பகுதி. ஊர் நடுவில் பெரிய மருத்துவமனை இருக்கும் வேலூரில் இதனால் பல தெருக்கள் அடிபட்டுப்போகும், அதில் எங்களுக்குக் குறையும் இல்லை, நோயாளி தூங்கட்டும். மனுவில் "கலை நிகழ்ச்சி" என்று மட்டும் எழுதாமல் பாடல் வரிகளையும் இணைத்துக் கொடுக்கிறோம். பிறகு யாரும் ஏமாற்றிவிட்டோம் என்று சொல்ல முடியாது.

நிறுத்தியது உண்மைதான். ஒரு கல்லூரி விழாவில் இரண்டாவது சரணத்தில் மேடையின் மின்சாரம் போனது. மேடையில் மட்டும், பந்தலில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கிட்டார்கள் ஊமையாயின. பறைக்கு மின்சாரம் தேவையில்லை என்பதை விழா நடத்தியவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மீதிப் பாட்டை எங்கள் குழுவில் பாடும் பெண்ணும் பறைக்காரரும் முடித்தார்கள்.

"பாட்டு பாடினா பாதை வந்துடுமா?"

வராது. பாதையை வருவாய்த் துறையும் நீதிமன்றமும் தரவேண்டும். நாராயணபுரம் வழக்கில், தலித்துகளுக்குத் தனி மயானம் என்று நிலம் ஒதுக்குவதே சாதிப் பிரிவினையை வளர்ப்பதாகாதா என்று நீதிபதிகள் அரசைக் கேட்டார்கள். எங்கள் பாட்டைவிடக் கூர்மையான கேள்வி அது. தனி மயானம் கேட்கிறீர்களா, பொது மயானத்துக்குப் பாதை கேட்கிறீர்களா என்று எங்களிடம் கேட்பவர்களுக்கும் அதையே நினைவூட்டுகிறோம். பாட்டில் கேட்பது பாதையை.

"கடைசியில பாட்டு முடியாமயே நின்னுடுதே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. கடைசிச் சுற்றில் பதினாறாவது இடம்வரை வாசித்துவிட்டு, அடுத்து விழவேண்டிய ஒன்றை விழாமல் விட்டுவிடுகிறோம். மேலே மூன்றாவது பதிலைப் படித்தவர்களுக்குக் காரணம் தெரியும். இளைஞர்கள் கூட்டமென்றால் யாராவது அந்த இடத்தில் தாங்களாகவே காலைத் தட்டிவிடுவார்கள். பேர்ணாம்பட்டுப் பக்கம் ஒரு தெருவில் பாடியபோது யாரும் தட்டவில்லை. ஒரு நீண்ட அமைதி. பிறகு திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "இன்னாடா, இங்கயும் கரண்ட்ட புடுங்கிட்டானுங்களா?" என்றார்.